படித்துப் படித்து நெய்யும் காஷ்மீர்க் கம்பளம்

(காட்சி: ஸ்ரீநகரில் ஒரு தறிக்கூடம். மரத்தறியின் முன் இருவர் அமர்ந்திருக்கிறார்கள்.)

குழந்தைகளே, இந்த நெசவாளர்களைக் கவனித்துப் பாருங்கள். அவர்கள் நெய்வது மலரும் கொடியும் நிறைந்த கம்பளம். ஆனால் அந்த மலரின் படம் ஒன்றுகூட அவர்கள் எதிரில் இல்லை. தறியில் செருகியிருக்கும் நீண்ட தாளில் சின்னஞ்சிறு குறிகள் மட்டுமே உள்ளன. அதற்குத் ‘தாலீம்’ என்று பெயர்.

15-ஆம் நூற்றாண்டில் காஷ்மீரை ஆண்ட சுல்தான் ஜைனுல் ஆபிதீன் பாரசீகத்திலிருந்தும் நடு ஆசியாவிலிருந்தும் கைவினைஞர்களை வரவழைத்தார் என்றும், கம்பளக் கலை அவர்களுடன் வந்தது என்றும் அங்குள்ளோர் சொல்வர். தாலீமோ, சிறு மரக்குச்சிகளில் வண்ண நூலைச் சுற்றி நெய்யும் ‘கானி’ சால்வைக்காரர்களிடமிருந்து கம்பளக்காரர்கள் பெற்றுக்கொண்ட முறை.

(காட்சி: கட்டம் போட்ட தாளில் ஓவியர் வண்ணம் தீட்டுகிறார்.)

‘நக்காஷ்’ எனப்படும் ஓவியர் முதலில் கட்டத்தாளில் முழு வடிவத்தையும் வரைகிறார். ஒரு கட்டம் ஒரு முடிச்சைக் குறிக்கும். தாலீம் எழுதுபவர் அந்த ஓவியத்தை வரிசை வரிசையாகப் பார்த்து, எந்த நிறத்தில் எத்தனை முடிச்சு என்பதைக் குறிகளாக மாற்றுகிறார். பிறகு தறியில் ஒருவர் ‘மூன்று சிவப்பு, ஒன்று பச்சை, ஐந்து வெள்ளை’ என்பது போல உரக்கப் படிக்க, மற்றவர்கள் கேட்டபடியே முடிச்சுப் போடுகிறார்கள்.

(காட்சி: விரல்கள், மிக அருகில்.)

நேராக இழுத்துக் கட்டிய பாவு நூல்கள் இரண்டில் வண்ண இழையைச் சுற்றி, கீழே இழுத்து, கத்தியால் அறுத்தால் ஒரு முடிச்சு. ஒரு வரிசை முடிந்ததும் குறுக்கே ஊடை நூலைச் செலுத்தி, சீப்பு போன்ற கருவியால் இறுக்கமாகத் தட்டுவார்கள். சதுர அங்குலத்துக்கு 400 முடிச்சு உள்ள நயமான கம்பளத்தில், ஒரு சதுர அடிக்கே 57,600 முடிச்சுகள் வேண்டும். அப்படியென்றால் 6 அடி நீளமும் 4 அடி அகலமும் கொண்ட கம்பளத்துக்கு எத்தனை என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள். மெல்லிய விரல்கள் வேண்டும் என்று சொல்லிச் சிறுவர்களையே தறியில் உட்கார்த்திய காலமும் இருந்தது. 14 வயது நிரம்பாதவர்களைக் கம்பள நெசவுக்குக் கூலிக்கு அமர்த்துவதை 1986-ஆம் ஆண்டின் சட்டம் தடை செய்தது.

(காட்சி: ஒரு தொழுகை விரிப்பு.)

முசல்லா என்று நம் ஊர் முஸ்லிம்கள் அழைக்கும் தொழுகை விரிப்பும் இப்படி நெய்யப்படுவதுண்டு. அதில் தெரியும் வளைவு, பள்ளிவாசலில் மக்கா இருக்கும் திசையைக் காட்டும் மிஹ்ராப் மாடத்தின் வடிவம். தொழுபவர் அதன் உச்சி அத்திசையை நோக்கும்படி விரிப்பார். தொழும் இடத்தில் மனித, விலங்கு உருவங்கள் தவிர்க்கப்படுவதால், பூவும் இலையும் கோலமுமே அதை நிறைக்கின்றன.

(காட்சி: கம்பளத்தின் பின்புறம்.)

கைமுடிச்சுக் கம்பளத்தை அடையாளம் காண அதைத் திருப்பிப் பாருங்கள்: முன்புறம் உள்ள வடிவம் பின்புறத்திலும் முடிச்சு முடிச்சாகத் தெளிவாகத் தெரியும். இரு முனைகளிலும் தொங்கும் குஞ்சம் அலங்காரத்துக்காகப் பிறகு தைத்ததன்று. தறியிலிருந்து அறுத்தெடுத்த பாவு நூல்களின் நுனிகளே அவை.