புளூ ஜேய்ஸ் 2026: இம்முறை வீச்சாளர்களின் கையில்

வணக்கம் நேயர்களே.

ஃபுளோரிடாவில் டனீடன் பயிற்சி முகாம் திறக்க இன்னும் சில வாரங்கள்தான். மார்ச் 27, வெள்ளிக்கிழமை, ரொஜர்ஸ் சென்டரில் அத்லெட்டிக்ஸ் அணியுடன் ரொறன்ரோ புளூ ஜேய்ஸ் பேஸ்போல் அணியின் முதல் ஆட்டம். போன நவம்பர் 1ஆம் திகதி இரவு, வட அமெரிக்க மேஜர் லீக்கின் இறுதிப் போட்டியான உலகத் தொடரின் ஏழாவது ஆட்டம் 11ஆவது இன்னிங்ஸில் 5க்கு 4 என்று கைநழுவிப் போனதை இந்த ஊர் கதைத்துக் களைத்துவிட்டது. அதைத் திரும்பக் கிளறப்போவதில்லை. ஒன்பதாவது இன்னிங்ஸில் எங்கள் வீச்சாளர் ஜெஃப் ஹொஃப்மன் வீசிய ஒரேயொரு பந்தை மட்டும் பிறகு எடுப்பேன், அதற்குக் காரணம் இருக்கிறது.

முதலில், போன வருடம் இந்த அணி எப்படி வென்றது என்பதைச் சரியாகப் பார்க்கவேண்டும். 2024இல் 74 வெற்றி, 88 தோல்வி, ஐந்து அணிகள் கொண்ட எங்கள் பிரிவில் கடைசி இடம். 2025இல் 94க்கு 68. நியூயோர்க் யாங்கீஸும் அதே 94தான்; இரண்டு அணிகளும் தமக்குள் ஆடிய 13 ஆட்டங்களில் நாங்கள் 8 வென்றதால் பிரிவு எங்களுடையதானது. இந்தத் தாவல் ஹோம் ரன்னால், அதாவது எல்லைக்கு வெளியே பறக்கும் அடியால், வந்ததில்லை. ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் ஆட்டமிழப்பது) ஆகாமல் பந்தைத் தொட்டுக்கொண்டே இருந்ததால் வந்தது. அணியின் மட்டைச் சராசரி (மட்டை பிடித்த தடவைகளில் ஹிட் கிடைத்த பங்கு) .265, மேஜர் லீக்கிலேயே முதலிடம்.

இது எப்படி வேலை செய்கிறது என்றால், இரண்டு ஸ்ட்ரைக் விழுந்த பிறகும் பேட்டர் நாலைந்து பந்தைக் கோட்டுக்கு வெளியே தட்டிவிடுகிறார், அதனால் அவுட் ஆகமாட்டார். எதிரணியின் ஸ்டார்ட்டருக்கு (ஆட்டத்தைத் தொடங்கும் வீச்சாளர்) ஒரு இன்னிங்ஸில் 15 பந்து போதும் என்று கணக்கு. அது 22, 23 ஆகிறது. நாலாவது இன்னிங்ஸ் முடியும்போது 90 பந்து போய்விடும். ஐந்தாவதில், மாற்று வீச்சாளர்கள் காத்திருக்கும் புல்பென்னின் கதவைத் திறக்கவேண்டி வரும். அங்கே முதலில் வருபவர் அந்த அணியின் நல்ல வீச்சாளராக இருக்கமாட்டார். நல்லவர்களை எட்டாவதுக்கும் ஒன்பதாவதுக்கும் வைத்திருப்பார்கள். ஜேய்ஸ் ஓட்டம் எடுத்தது அந்த இடைவெளியில்.

அந்த வேலையை நன்றாகச் செய்தவர்களில் ஒருவர் போ பிஷெட். .311 சராசரி, அமெரிக்கன் லீக்கில் (மேஜர் லீக்கின் ஒரு பாதி) யாங்கீஸின் ஆரன் ஜட்ஜுக்கு அடுத்த இடம். 139 ஆட்டத்தில் 94 ஓட்டங்களை உள்ளே கொண்டுவந்தார். அவர் இப்போது நியூயோர்க் மெட்ஸில், 3 வருடத்துக்கு 126 மில்லியன் டொலர். அந்தத் தொகையைக் கொடுக்காதது பிழை என்று நான் சொல்லமாட்டேன். முழங்கால் காயத்துக்குப் பிறகு அவர் ஷோர்ட்ஸ்டொப்பில் (இரண்டாவது, மூன்றாவது பேஸுக்கு நடுவே) எத்தனை காலம் நிற்பார் என்பது சந்தேகம்தான். நட்சத்திர வீரர் கைல் டக்கருக்காக விரித்த வலையும் வெறுங்கையோடு திரும்பியது, அவர் உலகத் தொடரை வென்ற டொட்ஜர்ஸுக்குப் போனார். அதை விடுவோம்.

பிஷெட் போனதால் மட்டை வரிசையில் விளாடிமிர் கெரேரோவுக்குப் பின்னால் யார் என்பது பெரிய கேள்வி. அவருடைய 500 மில்லியன் டொலர், 14 வருட ஒப்பந்தம் இந்தப் பருவத்தில்தான் தொடங்குகிறது. அடுத்து வருபவர் பயமுறுத்தாவிட்டால் எதிரணி விளாடிக்கு நல்ல பந்தே போடாது. நாலு பந்தை வெளியே போட்டு முதல் பேஸுக்கு அனுப்பிவிடும்.

பதில் கசுமா ஒகமோட்டோ. ஜப்பானின் யோமியுரி ஜயன்ட்ஸுக்கு 11 பருவங்களில் 248 ஹோம் ரன் அடித்தவர். 4 வருடம், 60 மில்லியன். பலத்தோடு அடித்தாலும் அடிக்கடி ஸ்ட்ரைக் அவுட் ஆகிறவர் இல்லை. அணியின் பழைய பழக்கத்துக்குப் பொருந்துகிறவர். ஆனால் ஜப்பானில் வேகப்பந்தின் சராசரி வேகம் இங்கத்தையதைவிட இரண்டு மூன்று மைல் குறைவு. அங்கே பருவத்துக்கு 143 ஆட்டம், திங்கட்கிழமைகளில் பெரும்பாலும் ஓய்வு. இங்கே 162 ஆட்டம், அதற்குமேல் விமானப் பயணம்.

அவர் தேறுகிறாரா என்று அறிய ஏப்ரலில் சராசரியைப் பார்க்காதீர்கள். நெஞ்சு உயரத்தில் 96 மைல் வேகத்தில் வரும் பந்தை அவர் வெளியே தட்டும்போது அது எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். பின்னால் வலையை நோக்கி நேரே போனால் நேரம் சரியாக இருக்கிறது, ஒரு நூல் கீழே பட்டிருக்கிறது, அவ்வளவுதான். வலப்பக்கம், முதல் பேஸ் ரசிகர்கள் நடுவே போய் விழுந்துகொண்டே இருந்தால் மட்டை பிந்துகிறது. அப்படி மே மாதம் வரை இழுபட்டால் எதிரணிகள் அவருக்கு வேறு பந்தே வீசாது.

ஷோர்ட்ஸ்டொப்புக்கு அண்ட்ரேஸ் ஹிமெனெஸ் நகர்கிறார். போன வருடம் அவர் அடித்தது .210தான். ஆனால் இரண்டாவது பேஸில் மூன்று தங்கக் கையுறை (சிறந்த களத்தடுப்பு விருது) வாங்கியவர் அவர். பந்து தரையில் உருண்டால் கவலை இல்லை. பிளேஆஃபில் (பருவ முடிவில் வரும் வெளியேற்றச் சுற்றுகள்) 30 ஹிட் அடித்துச் சாதனை வைத்த எர்னி கிளெமென்ட் இரண்டாவது பேஸுக்கு. மொத்தத்தில் உள்வட்டக் காப்பு போன வருடத்தைவிட இறுக்கம், மட்டை கொஞ்சம் மெலிவு. ஜோர்ஜ் ஸ்பிரிங்கர் .309, 32 ஹோம் ரன் என்று அடித்ததை 36 வயதில் அப்படியே திரும்பச் செய்வார் என்று எதிர்பார்ப்பது பேராசை. அன்டனி சன்டான்டரின் தோள் போன வருடமே சரியில்லை. அவரை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை. டோல்ட்டன் வார்ஷோ 71 ஆட்டத்தில் 20 ஹோம் ரன் அடித்தவர், அவர் முழுப் பருவமும் நின்றால் பாதி ஈடாகும்.

ஆகவே ஓட்டம் குறையும். அதை நிர்வாகமும் தெரிந்துதான் காசைப் பந்துவீச்சில் கொட்டியிருக்கிறது. இந்தப் பருவத்தின் கதை முழுக்க அங்கேதான்.

ஸ்டார்ட்டர் டிலன் சீஸுக்கு 7 வருடம், 210 மில்லியன். வெளியிலிருந்து வந்த வீரருக்கு இந்த அணி எழுதிய ஆகப் பெரிய காசோலை. போன வருடம் சான் டியேகோவில் 168 இன்னிங்ஸ், 215 ஸ்ட்ரைக் அவுட், ஆனால் 4.55 ஈ.ஆர்.ஏ. (ஒன்பது இன்னிங்ஸுக்குக் கொடுத்த ஓட்டச் சராசரி). இந்த மூன்று எண்ணையும் சேர்த்துப் படிக்கவேண்டும். 32 ஆட்டத்தில் 168 என்றால் ஆட்டத்துக்கு ஐந்து இன்னிங்ஸும் கொஞ்சமும். ஸ்ட்ரைக் அவுட்டுக்குப் பந்து நிறையச் செலவாகும். அவர் நாலு பந்தில் நடக்க விடுவதும் அதிகம். ஆறாவது இன்னிங்ஸ் தொடக்கத்தில் அவர் 95, 100 பந்தில் நிற்பார். எங்கள் கெவின் கோஸ்மன் அதே 32 ஆட்டத்தில் 193 இன்னிங்ஸ் வீசினார், ஆட்டத்துக்கு ஆறு. அந்த முக்கால் இன்னிங்ஸ் வித்தியாசம் சின்னதாகத் தெரியும். பருவம் முழுக்கக் கூட்டினால் புல்பென்னுக்கு 25 இன்னிங்ஸ் கூடுதல் சுமை. சீஸிடம் எனக்குப் பிடித்தது வேறு: ஐந்து பருவமாக ஒன்றில்கூட 32 ஆட்டத்துக்குக் குறைவாகத் தொடங்கியதில்லை. இந்த அணிக்கு இப்போது அந்த நம்பகம்தான் தேவை.

ஏனென்றால் மற்ற ஸ்டார்ட்டர்களைப் பாருங்கள். ட்ரே யெசவேஜ் உலகத் தொடரின் ஐந்தாவது ஆட்டத்தில் 12 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்து, ஒருவரைக்கூட நடக்கவிடாமல், புதுமுக வீரருக்கான சாதனை வைத்தவர். மேஜர் லீக் வழமைப் பருவத்தில் அவர் தொடங்கியது மூன்றே ஆட்டம். கீழ்நிலை லீக், மேல்நிலை, பிளேஆஃப் எல்லாம் கூட்டினால் 2025இல் சுமார் 140 இன்னிங்ஸ். 22 வயதுக் கைக்கு ஒரு வருடத்தில் 20, 30 இன்னிங்ஸுக்கு மேல் கூட்டக்கூடாது என்பது பயிற்சியாளர்கள் பலர் கைக்கொள்ளும் கணக்கு. ஆக இந்த வருடம் 165, 170. அதில் ஒக்டோபர் பிளேஆஃபுக்கு 25 ஒதுக்கவேண்டும். மிச்சத்தை ஆட்டத்துக்கு ஐந்தரையாகப் பிரித்தால் 26 ஆட்டம். முழுப் பருவ ஸ்டார்ட்டருக்கு 32 முறை வரும். ஆறு முறை யாரோ அவருடைய இடத்தில் வீசவேண்டும்.

அவருடைய ஆயுதம் ஸ்பிளிட்டர், கோஸ்மனுடையதும் அதே. இரண்டு விரலையும் அகல விரித்துப் பந்தை இடுக்கி வீசுவது. வேகப்பந்து மாதிரியே வந்து, பேட்டருக்கு முன்னால் தொப்பென்று விழும். களைப்பில் விரல் பிடி தளர்ந்தால் பந்து விழாமல் இடுப்பு உயரத்தில் மிதக்கும், அதைவிட இலகுவான பந்து இல்லை. மூன்றாவது தடவையாக அதே பேட்டர்கள் வரும்போது யெசவேஜின் ஸ்பிளிட்டர் மண்ணில் விழுகிறதா, முழங்காலுக்கு மேலே நிற்கிறதா என்று கவனியுங்கள். முழங்காலுக்கு மேலே இரண்டு வந்தால் அணியின் மேலாளர் ஜோன் ஷ்னைடர் புல்பென்னை அழைக்கத் தொலைபேசியை எடுத்திருக்கவேண்டும்.

ஷேன் பீபர் 2024 ஏப்ரலில் முழங்கை இணைப்புநாரை மாற்றும் டொமி ஜோன் அறுவைச் சிகிச்சை செய்தவர். போன ஓகஸ்டில்தான் திரும்பி வந்தார், வந்தவர் நவம்பர் வரை வீசினார். ஹோசே பெரியோஸின் முழங்கை செப்டெம்பர் கடைசியில் வீங்கியது. எரிக் லோவர் இருக்கிறார். கொரியாவின் ஹன்வா ஈகிள்ஸிலிருந்து கோடி பொன்ஸ் வருகிறார். 17 வெற்றி, ஒரே தோல்வி, 252 ஸ்ட்ரைக் அவுட், ஆனால் மேஜர் லீக்கில் கடைசியாக வீசியது 2021இல். எண்ணினால் ஏழு ஸ்டார்ட்டர். கூடுதலாக வாங்கிவிட்டார்கள் என்று சிலர் சொல்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஏழில் இரண்டு பேர் ஏப்ரலிலேயே காயப் பட்டியலில் இருந்தால் ஆச்சரியப்படமாட்டேன். இவர்களில் பலர் போன வருடம் 162 ஆட்டத்துக்குமேல் இன்னும் 18 பிளேஆஃப் ஆட்டத்தைக் கடந்த அணியிலிருந்து வருகிறார்கள், ஓய்வுக்குக் கிடைத்தது மூன்றரை மாதம்.

மே மாதத்தில் ஆறு ஸ்டார்ட்டர்கள் முறைவைத்து வீசும் சுழற்சி வைப்பதுதான் என் விருப்பம். அதிலும் ஒரு இக்கட்டு. 26 பேர் கொண்ட அணியில் வீச்சாளர் 13 பேருக்கு மேல் கூடாது. ஆறு ஸ்டார்ட்டர் என்றால் புல்பென்னில் ஏழு பேர்தான். சீஸ் ஐந்தில் முடிக்கும் நாளைக்கு அது போதாது.

இனி அந்த ஒன்பதாவது இன்னிங்ஸ் பந்து. வெற்றிக்கு இரண்டு அவுட் மிச்சம். முழுக் கணக்கு, அதாவது மூன்று போல் (ஸ்ட்ரைக் எல்லைக்கு வெளியே போன பந்து), இரண்டு ஸ்ட்ரைக். ஹொஃப்மன் டொட்ஜர்ஸின் மிகேல் ரோஹாஸுக்கு ஸ்லைடர் வீச, அது வளைந்து விழாமல் தட்டின் நடுவே தங்கியது, ஹோம் ரன். அதைத் துரதிர்ஷ்டம் என்று மட்டும் சொல்லமுடியாது. வழமைப் பருவத்தில் 33 ஆட்டங்களைக் காத்துக் கொடுத்த அதே ஹொஃப்மன் 68 இன்னிங்ஸில் 15 ஹோம் ரன் கொடுத்தார். ஓட்டம் குறையப்போகிற அணிக்கு ஒரு ஓட்ட வித்தியாச ஆட்டங்கள் கூடும். ஆட்டத்தின் கடைசி இன்னிங்ஸை முடித்துக் கொடுக்கும் குளோசர் இப்படி இருந்தால் அது நேராகத் தோல்விக் கணக்கில் ஏறும்.

அதற்கு ஒரு மருந்தாகப் புல்பென் வீச்சாளர் டைலர் ரொஜர்ஸை 3 வருடத்துக்கு 37 மில்லியனில் எடுத்திருக்கிறார்கள். முழங்காலுக்கும் கீழே கையைக் கொண்டுபோய், தரையை உரசுகிறமாதிரி வீசுகிறவர். வேகம் 83 மைல்தான். பேட்டர்கள் பந்தின் மேற்பாதியை அடித்துத் தரையில் உருட்டிவிடுவார்கள், ஹோம் ரன் அபூர்வம். ஹிமெனெஸை ஷோர்ட்டில் வைத்ததற்கும் இவரை வாங்கியதற்கும் தொடர்பு உண்டு. முதல் பேஸில் ஆள் நிற்கும்போது இவரைக் கொண்டுவந்தால் இரட்டை அவுட் கிடைக்கும். புல்பென்னில் இன்னொருவரான லூயி வார்லண்ட் போன ஒக்டோபர் பிளேஆஃபில் 18 ஆட்டத்தில் 15இல் வீசினார். ஏப்ரலில் அவரை அடுத்தடுத்த நாள் இறக்குவதை நான் பார்க்க விரும்பவில்லை.

இந்த வருடம் புதிதாக ஒன்றும் இருக்கிறது: ஸ்ட்ரைக்கா போலா என்று நடுவர் சொன்னதை எதிர்த்துக் கருவியிடம் முறையிடலாம். ஒரு அணிக்கு இரண்டு முறை. முறையீடு சரியானால் அது கையில் தங்கும், பிழைத்தால் போகும். கேட்கக்கூடியவர்கள் பேட்டர், வீச்சாளர், கெச்சர் (பேட்டருக்குப் பின்னால் பந்தைப் பிடிப்பவர்) மூவரே. தலையில் தட்டிக் காட்டவேண்டும், உடனே காட்டவேண்டும், டக்அவுட்டிலிருந்து (அணியினர் உட்காரும் இடம்) சைகை வரக்கூடாது. ஸ்ட்ரைக் பெட்டியின் மேல் எல்லை பேட்டரின் உயரத்தில் 53.5 சதவீதம், கீழ் எல்லை 27 சதவீதம், அகலம் தட்டின் 17 அங்குலம். 5 அடி 8 அங்குலம் உள்ள எங்கள் கெச்சர் அலெஹாண்ட்ரோ கர்க்குக்கு மேல் எல்லை சுமார் 92 சென்டிமீற்றர். 6 அடி 7 அங்குல ஜட்ஜுக்கு 107. ஒரு மீற்றர் உயரத்தில் வரும் பந்து ஜட்ஜுக்கு ஸ்ட்ரைக், கர்க்குக்குப் போல். 

முறையிடும் உரிமையை நான் முழுக்கக் கர்க்கிடமே கொடுப்பேன். வீச்சாளருக்குத் தன் பந்து எல்லாமே ஸ்ட்ரைக்தான். பொன்ஸுக்கு ஒரு சின்ன அனுகூலம்: கொரிய லீக்கில் 2024 முதல் எல்லாப் பந்தையும் கருவிதான் தீர்மானிக்கிறது, ஓரத்தில் பந்தைக் கெச்சர் இழுத்துக் காட்டுவதை நம்பி அவர் வீசவில்லை.

பிரிவைப் பொறுத்தவரை, நாலு அணிகளோடும் 13 ஆட்டம் வீதம் 52. யாங்கீஸில் ஜட்ஜ் இருக்கிறார், வீச்சாளர் கெரிட் கோல் பருவத்தின் இடையில் திரும்பக்கூடும். பொஸ்டன் சோனி கிரேயையும் ரேஞ்சர் சுவாரெஸையும் சேர்த்திருக்கிறது. பால்ட்டிமோர் பீட் அலொன்சோவை வாங்கிவிட்டது, இனி இலகுவான அணி இல்லை. டம்பா பேயைக் குறைத்து மதிப்பிட்டவர்கள் வழமையாகக் கெட்டுத்தான் போவார்கள்.

என் கணிப்பு 89, 90 வெற்றி. பிரிவு கிடைக்காமல் வைல்ட் கார்ட் (பிரிவை வெல்லாத நல்ல அணிகளுக்கான இடம்) வழியாகப் பிளேஆஃபுக்கு உள்ளே போகும் வாய்ப்பே அதிகம். அதில் இழப்பு உண்டு: லீக்கின் முதல் இரண்டு பிரிவு வெற்றியாளர்களுக்கு முதல் சுற்று இல்லை, களைத்த கைகளுக்கு நாலைந்து நாள் ஓய்வு. போன வருடம் அது எங்களுக்குக் கிடைத்தது.

கடைசியாக ஒரு விடயம். கோஸ்மன், பீபர், ஸ்பிரிங்கர், வார்ஷோ நாலு பேருக்கும் இந்தப் பருவத்தோடு ஒப்பந்தம் முடிகிறது. வீரர் பரிமாற்றக் கெடு நெருங்கும் ஜூலையில் அணி முதலிடத்துக்கு ஏழெட்டு ஆட்டம் பின்னால் நின்றால், பொது மேலாளர் ரொஸ் அட்கின்ஸுக்கு மற்ற அணிகளிலிருந்து அழைப்பு வரும். முதலில் கேட்கப்படும் பெயர் கோஸ்மன். ஆறு இன்னிங்ஸ் தரக்கூடிய ஒரே ஆளை விற்றுவிட்டு ஒக்டோபரைப் பற்றிப் பேசமுடியாது. விற்காமல் வைத்திருந்தால் நவம்பரில் அவர் சும்மா போய்விடுவார்.

நன்றி நேயர்களே, வணக்கம்.