முயல் கதையில் வந்த பணம், மலையாக மாறியது

[திரையில்: நீலக் கோட்டு போட்ட முயல், வேலிக்கு அடியில் நுழைகிறது]

வணக்கம். இந்த முயலை எங்காவது பார்த்திருப்பீர்கள். பெயர் பீட்டர். 1902-ல் லண்டனில் புத்தகமாக வந்த கதை. எழுதியவரும் வரைந்தவரும் ஒருவரே: பியாட்ரிக்ஸ் பாட்டர்.

கதை தொடங்கியதுமே அம்மா முயல் பிள்ளைகளை எச்சரிக்கிறாள்: மெக்ரெகர் தோட்டத்துப் பக்கம் போகாதீர்கள், உங்கள் அப்பாவை அங்கேதான் பிடித்துச் சமைத்துவிட்டார்கள். சின்னக் குழந்தைகளுக்கான கதையில் இப்படியா என்று தோன்றும். ஆனால் பாட்டரின் உலகத்தில் யாரோ ஒருவர் இன்னொருவருக்கு இரைதான்.

[திரையில்: அல்லி இலைமேல் உட்கார்ந்த தவளை]

1906-ல் வந்த ஜெரமி ஃபிஷர் கதையைப் பாருங்கள். ஒரு தவளை, அல்லி இலையைப் படகாக்கிக்கொண்டு மீன் பிடிக்கப் போகிறது. மதியச் சாப்பாடு, பட்டாம்பூச்சி வைத்த சாண்ட்விச். தண்ணீர் வண்டு ஒன்று அதன் கால்விரலைக் கிள்ளுகிறது. அப்புறம் அடியிலிருந்து பெரிய ட்ரவுட் மீன் ஒன்று எழும்பி, தவளையையே கவ்விக்கொண்டு ஆழத்துக்குப் போய்விடுகிறது. மழைக்கோட்டின் சுவை பிடிக்காமல் துப்பியதால்தான் தவளை பிழைக்கிறது. ஒரு குளத்தின் உணவுச் சங்கிலி முழுவதையும் பாடம் நடத்தாமலே சொல்லிவிட்டார்.

இந்தக் கண் அவருக்கு எங்கிருந்து வந்தது? காளான்களிடமிருந்து. கதை எழுத்தாளர் ஆவதற்கு முன்பே நூற்றுக்கணக்கான காளான்களை வரைந்தவர் அவர். வித்துகளை வீட்டிலேயே முளைக்க வைத்து, நுண்ணோக்கியில் பார்த்துப் பார்த்து வரைந்தார். 1897 ஏப்ரலில் அவருடைய ஆய்வுக் கட்டுரை இயற்கை ஆய்வாளர்களின் அமைப்பான லண்டன் லின்னேயன் சங்கத்துக்குப் போனது. பெண்களுக்கு அந்தக் கூட்டத்தில் இடமில்லை. கியூ தாவரவியல் பூங்காவைச் சேர்ந்த ஜார்ஜ் மாஸி அதை முன்வைத்தார். கட்டுரை அச்சேறவே இல்லை. படித்தால் இன்றும் கோபம் வருகிறது. ஆனால் அந்த ஓவியங்கள் வீண்போகவில்லை. 1967-ல் வெளியான ஒரு காளான் கையேட்டில் அவை இடம்பெற்றன.

[திரையில்: ஏரி, கல்சுவர், மலைச்சரிவு]

சரி, புத்தகங்கள் விற்ற பணம் என்ன ஆனது? இங்கிலாந்தின் வடமேற்கில் உள்ள லேக் மாவட்டத்தில் நிலமாக ஆனது. 1905-ல் ஹில் டாப் பண்ணையில் தொடங்கினார். 1923-ல் ட்ரௌட்பெக் பார்க் என்ற பெரிய ஆட்டுப் பண்ணை. அப்புறம் இன்னும் பல. வீடுகளும் விடுதிகளும் கட்ட நிலத்தைத் துண்டு போடுவதற்கு முன் வாங்கிவிட வேண்டும் என்ற வேகம் அது. 1943-ல் அவர் இறந்தபோது 4,000 ஏக்கருக்கு மேல், நிலங்களையும் பழைய கட்டடங்களையும் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்புக்குப் போய்ச் சேர்ந்தது.

உயிலில் ஒரு நிபந்தனையும் இருந்தது: அந்தப் பண்ணைகளில் ஹெர்ட்விக் இனச் செம்மறிகளையே வளர்க்க வேண்டும். காரணம் இருக்கிறது. அந்த மலைகளின் உச்சியில் வேலி கிடையாது. குட்டி, தாயின் பின்னாலேயே மேய்ந்து தன் எல்லையைக் கற்றுக்கொள்கிறது. பிறகு அது தன் குட்டிக்கு. மந்தையை மொத்தமாக விற்றுவிட்டால் அந்த அறிவும் மலையை விட்டுப் போய்விடும். புதிதாக வாங்கி வந்த ஆடு எங்கெங்கோ அலையும். அதனால் அங்கே நிலம் கைமாறினாலும் மந்தை நிலத்தோடேயே இருக்கும்.

இன்று அதே மலைகளைப் பற்றி வேறொரு வாதமும் நடக்கிறது. ஆடுகள் மரக்கன்றுகளைக் கடித்துவிடுவதால் சரிவுகளில் மரம் எழும்புவதில்லை, மேய்ச்சலைக் குறைக்க வேண்டும் என்கிறார்கள் சூழலியலாளர்கள். மேய்ப்பர்களோ, தலைமுறைகளாக வந்த வாழ்க்கை இது என்கிறார்கள். எனக்கு இரண்டு பக்கமும் நியாயம் தெரிகிறது. மரமும் வேண்டும், மலையறிந்த மந்தையும் வேண்டும்; எவ்வளவு ஆடு, எந்தச் சரிவில் என்பதைப் பண்ணை பண்ணையாகத்தான் பேசித் தீர்க்க முடியும். பேசுவதற்கு அந்த நிலம் துண்டுபடாமல் மிஞ்சியிருப்பதில் ஒரு முயலுக்கும் பங்கு உண்டு.