உள்ளங்காலுக்கும் ஒரு படம் வேண்டும்

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம். உடலைப் படம்பிடித்துத் தோல் புற்றுநோயை ஆரம்பத்திலேயே கண்டறியும் தொழில்நுட்பத்தைப் பற்றிப் பேசும்படி இந்த நிலையத்தார் கேட்டிருந்தார்கள். தோல் நோய் மருத்துவத்தில் நெடுங்காலம் பணியாற்றியவன் என்ற வகையில், அந்தக் கருவிகள் என்ன செய்கின்றன என்பதையும், மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் வாழும் நாம் அவற்றிலிருந்து எதை எடுத்துக்கொள்ளலாம் என்பதையும் சொல்ல விரும்புகிறேன்.

தோல் புற்றுநோய்களுள் மிகவும் அஞ்சத்தக்கது மெலனோமா. தோலுக்கு நிறம் கொடுக்கும் கலங்களில் தொடங்கும் இந்த நோயின் போக்கை, அது தோலுக்குள் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பதே பெருமளவில் தீர்மானிக்கிறது. 1970ஆம் ஆண்டில் அலெக்சாண்டர் பிரெஸ்லோ என்ற அமெரிக்க நோயியல் வைத்தியர் அந்தத் தடிப்பை மில்லிமீற்றரில் அளந்து காட்டினார். அந்த அளவையே உலகம் இன்றும் பயன்படுத்துகிறது. 1 மில்லிமீற்றரைத் தாண்டாத நிலையில் வெட்டி அகற்றப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலானோர் குணமடைகிறார்கள். 4 மில்லிமீற்றரைத் தாண்டிவிட்டால் நிணநீர்க் கணுக்களுக்கும் உள்ளுறுப்புகளுக்கும் நோய் பரவும் ஆபத்து பன்மடங்காகிறது. வேறுபாடு வெறும் 3 மில்லிமீற்றர்தான். அந்தச் சிறு இடைவெளிக்குள் நோயைப் பிடிப்பதற்காகவே இத்தனை கெமராக்களும் உருவாக்கப்பட்டிருக்கின்றன.

உலகிலேயே மெலனோமா மிக அதிகமாகக் காணப்படும் இடங்களில் ஒன்று அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலம். வெண்ணிறத் தோலும் கடும் வெயிலும் அங்கே ஒன்றுசேர்கின்றன. அங்குள்ள ஆய்வு நிலையங்களில் வெக்ட்ரா என்ற முழு உடல் படக்கருவி பயன்பாட்டில் உள்ளது. ஒருவர் நடுவில் நிற்க, அவரைச் சூழ்ந்த சட்டங்களில் பொருத்தப்பட்ட 92 கெமராக்கள் ஒரே கணத்தில் படம் எடுக்கின்றன. கணினி அவற்றைச் சேர்த்து அவருடைய உடலின் முப்பரிமாண உருவத்தை அமைத்து, அதில் உள்ள மச்சங்களையும் புள்ளிகளையும் தனித்தனியே குறித்து வைக்கிறது. சில மாதங்கள் கழித்து அவர் மீண்டும் வரும்போது, புதிதாகத் தோன்றியது எது, அளவிலோ நிறத்திலோ மாறியது எது என்பதைப் பழைய உருவத்துடன் ஒப்பிட்டுக் காண முடிகிறது. கருவியின் உண்மையான வலிமை இந்த ஒப்பீட்டில்தான் இருக்கிறது. ஏனெனில் ஏறத்தாழ 10 மெலனோமாக்களில் 7, பழைய மச்சத்தில் தோன்றாமல், முன்பு எதுவுமே இல்லாத தோலில் புதிதாகத் தோன்றுகின்றன. முன்பு எதுவும் இருக்கவில்லை என்பதற்குப் பழைய படத்தைவிட நல்ல சாட்சி கிடையாது.

ஆயினும் அந்தப் பெரிய கருவி பார்க்காத இடங்களும் உண்டு. நிற்பவரின் உள்ளங்கால் தரையில் பதிந்திருக்கிறது. தலைமுடிக்குள் இருக்கும் தோலும் உள்ளாடை மறைக்கும் பகுதியும் படத்தில் விழுவதில்லை. வெண்ணிறத் தோலுடையவர்களில் மெலனோமா பெரும்பாலும் வெயில் படும் முதுகிலும் காலிலும் வருவதால் இது அங்கே சிறிய குறையாகத் தோன்றலாம். எங்களுக்கு இது சிறிய குறையல்ல. கருமை படிந்த தோலில் மெலனோமா அரிது என்பது உண்மை. ஆனால் வரும்போது அது பெரும்பாலும் உள்ளங்காலிலும், உள்ளங்கையிலும், நகத்தின் அடியிலும் வருகிறது. இதற்கும் வெயிலுக்கும் பெரிய தொடர்பு இல்லை. ஜமைக்கா நாட்டுப் பாடகர் பொப் மார்லிக்கு 1977இல் கால் பெருவிரல் நகத்தின் அடியில் கண்டறியப்பட்டது இந்த வகைப் புற்றுநோயே. 1981இல், 36ஆவது வயதில், அவர் இறந்தார்.

எங்கள் ஊர்களின் நிலைமையை எண்ணிப் பாருங்கள். படுவான்கரையில் வயலுக்குள் இறங்குபவரும், கல்லடியிலோ ஒலுவிலிலோ கரைவலை இழுப்பவரும் வெறுங்காலுடன்தான் வேலை செய்கிறார்கள். முள் குத்துவதும், கால் ஆணி வருவதும், நகம் அடிபட்டுக் கறுப்பதும் வழமை. ஆகவே உள்ளங்காலில் ஒரு கறுப்பு இடம் தோன்றினால் அதற்கு விளக்கம் சொல்ல ஆயிரம் காரணங்கள் கைவசம் இருக்கின்றன. கால் ஆணி என்றும், பாலுண்ணி என்றும், ஆறாத புண் என்றும் எண்ணி மாதக்கணக்கில் மருந்து போடப்பட்ட பின்னரே கண்டுபிடிக்கப்படும் மெலனோமாக்கள் உலகெங்கும் உண்டு.

இந்த இடத்தில் டெர்மோஸ்கோப் என்ற சிறிய கைக்கருவி பேருதவி செய்கிறது. ஏறத்தாழ 10 மடங்கு பெருப்பித்துக் காட்டும் வில்லையும், தோலின் மேற்பரப்பு மினுக்கத்தை அகற்றும் ஒளியும் கொண்ட இக்கருவி, சட்டைப் பையில் வைக்கக்கூடிய அளவினது. உள்ளங்கால் தோலின் ரேகைகளை உழுத வயலின் சாலும் மேடும் என்று வைத்துக்கொண்டால், தீங்கற்ற மச்சத்தின் நிறம் பெரும்பாலும் சால்களில் ஓடும். மெலனோமாவின் நிறம் மேடுகளில் ஓடும். ஜப்பானிய வைத்தியர்கள் விரிவாக ஆராய்ந்து நிறுவிய இந்த வேறுபாட்டை, பயிற்சி பெற்ற கண்ணால் மிகச் சிறிய புள்ளியிலும் காண முடியும். எங்கள் மாவட்டங்களுக்கு எது முதலில் வேண்டும் என்று என்னைக் கேட்டால், 92 கெமராக்களுக்கு முன்பாக, கிராமத்து வைத்தியசாலைகளின் வைத்தியர்களுக்கு இந்தச் சிறு கருவியும் அதற்குரிய பயிற்சியும் வேண்டும் என்றே சொல்வேன்.

செயற்கை நுண்ணறிவைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். 2017இல் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தினர் 1,29,450 படங்களைக் கொண்டு பயிற்றுவித்த கணினி, படத்தைப் பார்த்து மட்டும் தீர்மானிக்கும் சோதனையில், 21 தோல் நோய் நிபுணர்களுக்கு நிகராகத் தோல் புற்றுநோயை இனங்கண்டது. ஆனால் 2022இல் வெளியான ஆய்வொன்று, இத்தகைய சில கணினி முறைகள் கருமையான தோலின் படங்களில் கூடுதலாகத் தவறுவதை எடுத்துக்காட்டியது. அவற்றுக்குக் கற்பிக்கப்பட்ட படங்களில் அத்தகைய தோல் மிகக் குறைவு. ஆகவே கைத்தொலைபேசிச் செயலியொன்று “பயமில்லை” என்று சொன்னதை நம்பி வைத்தியரிடம் போகாமல் இருந்துவிடாதீர்கள்.

நகத்தைப் பற்றி ஒரு விளக்கம். எங்கள் தோல் நிறமுடையவர்களுக்குப் பல நகங்களில் மெல்லிய கறுப்புக் கோடுகள் இருப்பது சாதாரணம். ஒரே ஒரு நகத்தில் புதிதாகத் தோன்றி அகன்றுகொண்டே போகும் கோடும், நகத்தைக் கடந்து சுற்றியுள்ள தோலிலும் பரவும் கருமையும், காரணமின்றி நகம் வெடிப்பதும்தான் உடனே காட்டப்பட வேண்டியவை. மருதோன்றி இடும் பெண்கள், அடுத்த முறை இடுவதற்கு முன்பு, வெறும் நகத்தையும் உள்ளங்கையையும் பகல் வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

இன்னொரு விடயம் எங்கள் மண்ணுக்கு மிகவும் நெருக்கமானது. ஆழமான எரிகாயத் தழும்பிலும் நெடுநாள் ஆறாத புண்ணிலும் செதிற்கலப் புற்றுநோய் என்ற வேறொரு வகை தோன்றலாம். பிரெஞ்சு வைத்தியர் மார்ஜோலின் 1828இல் இத்தகைய புண்களை விவரித்ததால் அவருடைய பெயராலேயே அவை அழைக்கப்படுகின்றன. தழும்பு உண்டாகிப் பல தசாப்தங்கள், பெரும்பாலும் 30 ஆண்டுகளளவு சென்ற பின்னரே இது வெளிப்படுகிறது. யுத்த காலத்தில் எரியுண்டவர்களும், போத்தல் விளக்குச் சரிந்து மண்ணெண்ணெய்த் தீயில் வெந்தவர்களும் எங்கள் மத்தியில் வாழ்கிறார்கள். அவர்களுடைய தழும்புகள் பல இப்போது அந்த வயதை எட்டியிருக்கின்றன. பழைய தழும்பு திடீரென வெடித்துப் புண்ணானாலோ, ஓரம் தடித்து மேலெழுந்தாலோ, இரத்தம் கசிந்து நாற்றம் வீசினாலோ, அதைப் பழைய வருத்தத்தின் மிச்சம் என்று ஒதுக்கிவிடக் கூடாது. தொழுநோயால் உணர்விழந்த பாதத்தில் வருடக்கணக்காக இருக்கும் புண்ணுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

பெரிய கருவி இல்லாவிட்டாலும் அதன் வழிமுறையை வீட்டில் கைக்கொள்ள முடியும். காலை நன்றாகக் கழுவி, சேறும் கறையும் போன பிறகு, யன்னல் வெளிச்சத்தில் இரு உள்ளங்கால்களையும் முழுமையாகப் படம் எடுங்கள். புள்ளியோ தழும்போ இருந்தால் அதன் அருகில் அடிமட்டத்தை வைத்துக் கிட்டவாக ஒரு படமும் எடுங்கள். தோலை அழகுபடுத்தும் வசதியைத் தொலைபேசியில் நிறுத்திவிடுங்கள். அது மறைப்பது எங்களுக்கு வேண்டிய விபரத்தைத்தான். தன் உள்ளங்காலைத் தானே எடுப்பது கடினமாகையால் வீட்டிலுள்ள ஒருவர் எடுத்துக் கொடுக்கலாம். சில மாதங்களுக்கு ஒருமுறை இதே முறையில் எடுத்து, முந்தையதுடன் ஒப்பிடுங்கள். ஆனால் புள்ளி வளர்வதோ, இரத்தம் வடிவதோ, சில வாரங்களாகியும் புண் ஆறாமலிருப்பதோ தெரிந்த பிறகும் அடுத்த படத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். படங்களை வட்சப் குழுக்களில் போட்டு அபிப்பிராயம் கேட்பதும் வேண்டாம்.

அருகிலுள்ள அரச வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் காட்டினால், தோல் நோய் நிபுணரின் கிளினிக்குக்குக் கடிதம் தருவார்கள். சந்தேகம் இருந்தால் இழைய மாதிரி எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். எத்தனை கெமராக்கள் படம் எடுத்தாலும் இறுதித் தீர்ப்பு அந்தச் சோதனையில்தான் கிடைக்கிறது. மாதிரி எடுத்தால் நோய் பரவும் என்ற பயம் பலரைப் பின்வாங்கச் செய்கிறது. அந்தப் பயத்துக்கு ஆதாரம் இல்லை.

சுகாதாரத் துறையினரிடம் எனக்கு ஒரு வேண்டுகோளும் உண்டு. சீனி வருத்தக்காரரின் பாதங்களைக் கிளினிக்கில் சோதிக்கும்போது, புண்ணைத் தேடும் அதே கண்கள் கறுப்புப் புள்ளியையும் தேடட்டும். கண்டதன் அளவையும் திகதியையும் அவருடைய கிளினிக் கொப்பியில் எழுதிவிட்டால், அடுத்த முறை பார்க்கும் வைத்தியருக்கு ஒப்பிடுவதற்கு ஓர் ஆதாரம் இருக்கும்.