எரிமலைக்குழம்பு மேல ஒரு நாள், என் ஷூ கதை, ரீயூனியன் வ்லாக்

வணக்கம் மக்களே! ரீயூனியன்ல, அதாவது இந்தியப் பெருங்கடல்ல இருக்குற பிரெஞ்சுத் தீவுல, ஒரு நாள் சுத்திட்டு இப்பதான் ரூமுக்குள்ள நுழைஞ்சேன். ஷூவைக் கூடக் கழட்டல, ஏன்னா இதை நீங்க முதல்ல பாத்தே ஆகணும். இருங்க, கேமராவைக் கீழ இறக்குறேன். தெரியுதா? ஷூவைச் சுத்திப் பச்சையா ஒரு பட்டை கட்டியிருக்கே, அதுக்கு வரேன்.

இந்த ஷூவுக்குத் தனியா ஒரு வீடியோவே போட்டேன், ஞாபகம் இருக்கும். எந்தப் பாறையில ஏறினாலும் தாங்கும்னு சொல்லித்தான் வித்தாங்க. இன்னைக்கு மத்தியானம் கிரான் ப்ரூலேல கால் வெச்சு பத்து நிமிஷம்கூட ஆகல, வலது கால் ஷூவோட அடி பொளந்துக்கிட்டு வந்துடுச்சு. எனக்கு அப்படி ஒரு கோவம்!

கிரான் ப்ரூலேன்னா, பிதோன் த லா ஃபூர்னேஸ் எரிமலையோட குழம்பு கடலுக்கு இறங்குற சரிவு. எரிமலையைச் சுத்தி லாடம் மாதிரி பெரிய சுவர் நிக்குது, கடல் பக்கம் மட்டும் திறந்திருக்கு. அதனால குழம்பு பெரும்பாலும் இந்தச் சரிவு வழியாத்தான் வரும். இங்க யாரும் குடியிருக்கல. ஒரே ஒரு ரோடு குறுக்க போகுது. அதோட ஓரத்துல 2002, 2004, 2007னு போர்டு வெச்சிருக்காங்க. அந்த வருஷம் வந்த குழம்பு ரோட்டை மூடின இடம் அது. திரும்பத் திரும்ப அது மேலயே ரோடு போட்டிருக்காங்க. 2007ல வந்தது ரொம்பப் பெருசு, கடலையே பின்னால தள்ளிப் புது நிலம் உண்டாக்கிடுச்சு. அதுக்கப்புறம் பல வருஷம், மழை பெஞ்சா அந்தப் பாறையில இருந்து ஆவி வருமாம்.

கிட்டப் போய்க் குனிஞ்சு பாத்தேன். கருப்பு, கரடுமுரடு, விளிம்பெல்லாம் உடைஞ்ச கண்ணாடி. அது மேல சாம்பல் நிறத்துல பாசி மாதிரி ஒண்ணு படர்ந்திருக்கு, லைக்கன். விரல் வெச்சா மெத்துன்னு இருக்கு. வெடிப்புல சின்னச் சின்னப் பெரணிச் செடி. எதுவுமே இல்லாத கல்லுல முதல்ல வர்ற உயிர் இதுதான்! அதைப் பாத்துட்டு நிமிந்தேன், அப்பதான் ஷூ பொளந்துச்சு.

ஐயோ, காலையில இருந்து சொல்லணும்ல! தீவோட தலைநகர் சான்-தெனில இருந்து கிளம்பி முதல்ல சான்த்-சூசான். 1841ல எட்மோன் ஆல்பியுஸ்னு 12 வயசு அடிமைப் பையன், வனிலாப் பூவைக் கையால மகரந்தம் சேர்க்குற முறையைக் கண்டுபிடிச்ச ஊர். ஒரு குச்சி, ஒரு கட்டைவிரல், அவ்வளவுதான். இன்னைக்கும் அதே முறைதான். எனக்கு அங்கயே நெஞ்சு நிறைஞ்சுடுச்சு.

அப்புறம் பிதோன் சான்த்-ரோஸ் சர்ச். 1977ல குழம்பு, எரிமலையைச் சுத்தி நிக்குதுன்னு சொன்னேனே, அந்தச் சுவரைத் தாண்டி வெளிய வெடிச்சு, ஊருக்குள்ளயே வந்துடுச்சு. வீடெல்லாம் எரிஞ்சுபோக, சர்ச் வாசல்ல வந்து ரெண்டு பக்கமும் பிரிஞ்சு நின்னுடுச்சு. படியோரம் அந்தக் கருங்குழம்பு இன்னமும் இருக்கு, தொட்டேன். ஆன்ஸ் தே காஸ்காட்ல அருவி, பனைமரம், மீன்பிடிப் படகு, எல்லாம் அழகு. ஆனா அங்க பாட்டுப் பெட்டியை அலறவிட்ட கும்பலை என்னால மன்னிக்கவே முடியாது. அருவிச் சத்தம் கேக்க வந்த இடம்ங்க அது!

சரி, ஷூ. காலை இழுத்து இழுத்து நடந்து வண்டிக்கு வந்து, மெதுவா சான்-ஃபிலிப் ஊர் வரைக்கும் போயிட்டேன். அங்க காப் மேஷான்ங்கிற கடலோரப் பாறைமுனை பக்கத்துல ஒரு அம்மா தாழை ஓலையில கூடை பின்னிட்டு இருந்தாங்க. வகோவான்னு சொல்றாங்க, நம்ம தாழை இனம்தான், இந்த ஊரே இந்தப் பின்னல் வேலைக்குப் பேர் போனது. என் காலைப் பாத்தாங்க. ஒரு வார்த்தை கேக்கல. முள்ளு சீவின ஓலைப் பட்டை ரெண்டு எடுத்து ஈரத்துணியால துடைச்சு, அடியிலயும் மேலயும் குறுக்க விட்டு, ஒரு முடிச்சு. காசு குடுத்தேன், கையைத் தள்ளி விட்டுட்டாங்க. அப்புறம் நான் ஒரு கூடையை விலை குடுத்து வாங்கினேன், அதுக்குத்தான் சிரிச்சாங்க.

நான் தமிழ்னு சொன்னதும் தன் நெஞ்சைத் தொட்டு "மல்பார்"னாங்க. கரும்புத் தோட்டத்துக்கு இங்க வந்த நம்ம ஜனங்களோட வாரிசுகளை அப்படித்தான் சொல்வாங்க. அவங்களுக்குத் தமிழ் வரல, இந்தத் தீவோட பேச்சு மொழி கிரியோல்தான். நான் கையால தோள்ல எதையோ தூக்குற மாதிரி காட்டினேன். "காவடி!"னு அவங்களே சொல்லிட்டாங்க. ரெண்டு பேருக்கும் தெரிஞ்ச ஒரே வார்த்தை அதான். அதையே மாத்தி மாத்தி சொல்லிட்டு நின்னோம்.

அந்த முடிச்சோட காப் மேஷான் பாறை விளிம்பு வரைக்கும் நடந்தேன். கருப்புப் பாறையில அலை மோதி மேல தெறிக்குது, முகமெல்லாம் உப்பு. இறங்கிக் குளிக்கவெல்லாம் நினைக்கவே கூடாத கடல். அரை மணி நேரம் நின்னேன். முடிச்சு அசையல மக்களே, இதோ பாருங்க, இழுக்குறேன், இப்பவும் அசையல.