மேழியை அமத்தாத, மனே

வணக்கம் நேயர்களே.

கனடாவில் இருக்கிற என் மச்சான் ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். ஒன்ராறியோவில், வாட்டர்லூ பக்கம், இரண்டு பெரிய குதிரைகளுக்குப் பின்னால் கலப்பையைப் பிடித்துக்கொண்டு தடுமாறித் தடுமாறி நடக்கிறான். அங்கே மெனனைட் என்ற கிறிஸ்தவ சமூகத்தாரில் ஒரு பகுதியினர் இன்றைக்கும் குதிரையால்தான் உழுகிறார்கள். இவன் காசு கட்டி ஒரு நாள் பழகப் போயிருக்கிறான். "எப்படி என்ட உழவு?" என்று கேள்வி வேறு. உழுத கோடு, அதுதான் சால், பாம்பு போன தடம் மாதிரி நெளிந்து கிடந்தது. நான் சிரிக்கவில்லை. 2022 சிறுபோகத்தில், கோடை நெல்லுக்கு, நான் போட்ட சால் அதைவிட மோசம்.

அந்த வருசம் எல்லாருக்கும் நினைவிருக்கும். அதற்கு முந்தின வருசம் இரசாயன உரத்துக்குத் தடை, அந்த வருசம் டீசல் இல்லை. மட்டக்களப்பில், ஆயித்தியமலைப் பக்கம் எங்களுக்கு இரண்டு ஏக்கர் இருக்கிறது. உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் வாய்க்காலில் வந்துவிட்டது. உழுகிறதற்கு இரண்டு சில்லு ட்ராக்டர், லேண்ட்மாஸ்டர், நிற்கிறது, ஊற்றுவதற்கு எண்ணெய் இல்லை. இரண்டு இரவு கலனோடு வரிசையில் கிடந்தேன். என் முறை வந்த நேரம் முடிந்துவிட்டது என்றார்கள். போகம் தொடங்குமுன் விவசாயிகளைக் கூட்டி நடத்தும் ஆரம்பக் கூட்டத்தில் விதைப்புக்குக் கடைசித் திகதி சொல்லியாயிற்று. பக்கத்து வயல்காரன் விதைத்து நாம் பிந்தினால் தண்ணீரும் பிந்தும், பூச்சியும் நம் வயலைத்தான் தேடி வரும்.

பெரியப்பாவிடம் வண்டி மாட்டுச் சோடி ஒன்று இருந்தது. பரணில் கலப்பையும் கிடந்தது. கடைசியாக எப்போது மண்ணில் இறங்கியது என்று அவருக்கே நினைவில்லை. மண்ணைக் கிழிக்கும் இரும்பு முனையான கொழுவைக் கழற்றி ஊரிலே தட்டிக் கூராக்கி, நுகத்தைத் துடைத்து, பூட்டாங்கயிறு புதிதாகத் திரித்து, விடியப்புறம் வயலில் நின்றோம். அவருக்கு முழங்கால் வருத்தம், சேற்றில் இறங்க முடியாது. வரம்பில் இருந்தபடி வாயால் உழுதார். நான் கையால்.

நான் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன். வருசா வருசம் பிள்ளைகளுக்கு நெம்புகோல் படிப்பிக்கிறேன். கலப்பையின் கைப்பிடியான மேழியைப் பிடித்ததும் செய்த முதல் வேலை, பலமாக அமத்தியது. கொழு ஆழமாக இறங்கட்டும் என்று. அது மண்ணை விட்டு மேலே கிளம்பி, சேற்றை வழித்துக்கொண்டு சறுக்கி ஓடியது. மாடு இரண்டும் பாரம் போன சந்தோசத்தில் நாலு எட்டு விரைவாக வைத்தன. நான் முழங்காலில் விழுந்தேன். வரம்பிலிருந்து சத்தம் வந்தது: "அமத்தாத மனே! அமத்தினா கொழு எழும்பும். தூக்கிப் பிடி, அது தானா இறங்கும்."

பின்பக்கம் தூக்கினால் முன்பக்கம் குத்தும், பின்பக்கம் அமத்தினால் முன்பக்கம் நிமிரும். கரும்பலகையில் நான் எத்தனை தரம் கீறிய படம்! ஆனால் பயப்படுகிற கைக்கு அமத்தத்தான் தெரியும். அந்தப் பழக்கம் போக எனக்கு மூன்று நாள் எடுத்தது. இடக்கையில் மாடு ஓட்டும் கேட்டிக்கம்பு, வலக்கையில் மேழி. வலக்கை இறுக்கிப் பிடிக்கக் கூடாது. கொழு வேரில் முட்டினால், கல்லில் தட்டினால், மண் இறுகினால் எல்லாம் மேழி வழியாக உள்ளங்கைக்கு வரும். இறுக்கிப் பிடித்தால் எதுவும் வராது, தோள்மூட்டு நோவு மட்டும் வரும்.

வலப்பக்கத்து மாடு வலத்தன் நல்ல பிள்ளை. இடப்பக்கத்து இடத்தன் வயலின் நடுவில் நினைத்த இடத்தில் நின்றுவிடுவான். கொக்கட்டிச்சோலை தான்தோன்றீஸ்வரர் கோயிலில் போர்த்துக்கேயர் காலத்தில் கல் நந்தி எழும்பிப் புல் தின்றதாகச் சொல்லுவோம் அல்லவா? இவன் உயிரோடு கல்லானவன். அடிக்கப் போனேன். "அவனுக்கு மூச்சு வாங்குது, பார்த்தியா? நீ நில்லு. மறுகா அவனே நடப்பான்" என்றார் பெரியப்பா. நடந்தான்.

ஏக்கர் என்ற கணக்கே மாட்டிலிருந்து வந்ததுதான். பழைய இங்கிலாந்தில் ஒரு சோடி எருது ஒரு நாளில் உழுகிற நிலத்தைத்தான் ஏக்கர் என்றார்கள். எங்கள் சேற்று நிலத்தில், நாட்டுக் கலப்பையில், வெயில் ஏறுமுன் ஏரை அவிழ்த்துவிட வேண்டும் என்ற கணக்கில் அரை ஏக்கர் போனாலே பெரிய காரியம். நான் கால் ஏக்கர்கூடப் போகவில்லை. மூலைகளுக்குக் கலப்பை போகாது, மண்வெட்டிதான்.

"அகல உழுவதை விட ஆழ உழு" என்று படித்து வளர்ந்தவர்கள் நாம். மேட்டுநிலப் பயிருக்கு அது சரி. நெல்வயலில் அவ்வளவு சரியில்லை. மேல் சேற்றுக்குக் கீழே, ஓரடிக்குள், வருசக்கணக்கில் மிதிபட்டு இறுகிய ஒரு தட்டு இருக்கும். தண்ணீரைத் தாங்கி நிறுத்துவது அதுதான். நாட்டுக் கலப்பை அதைத் தொடாது. பாரமான ட்ராக்டர் அதை உடைத்த வயலில் கட்டிய தண்ணீர் இரவோடு இரவாக இறங்கிவிடும். குளத்தை நம்பிக் கோடை வேளாண்மை செய்கிறவனுக்கு இது சின்ன விசயமில்லை.

முதல் உழவு முடித்து, களை அழுக விட்டு, பத்துப் பன்னிரண்டு நாளில் குறுக்கே மறுத்து உழுது, பலகை இழுத்து மட்டம் பண்ணினோம். விதைப்பும் பெரியப்பா சொல்லித்தந்ததுதான். ஒரு நாள் ஊறவைத்து, சாக்கில் கட்டி, முளை எட்டிப்பார்த்த நெல். ஏக்கருக்கு 2 புசல் போதும் என்பது விவசாயத் திணைக்களத்தின் சிபாரிசு. புசல் என்றால் ஏறத்தாழ 21 கிலோ. நம்மவர்கள் பயத்தில் மூன்று, நான்கு என்று கொட்டுவார்கள். எறிவது கை, அளப்பது கால். இரண்டு எட்டுக்கு ஒரு பிடி. கால் ஊன்றும்போது விரல் விரிய வேண்டும், நெல் ஆள்காட்டி விரலின் மேலால் வழுக்கிப் போக வேண்டும். பத்தாம் நாள் என் கை எப்படிப்பட்டது என்று வயல் ஊருக்கே காட்டிக்கொடுத்தது. இங்கே கொத்துக் கொத்தாகப் பச்சை, அங்கே வெறும் சேறு.

எல்லாரும் மாட்டுக்குத் திரும்புவோம் என்று சொல்ல நான் வரவில்லை. டீசல் கிடைத்ததும் நானே லேண்ட்மாஸ்டருக்குத்தான் போனேன். திரும்ப நினைத்தாலும் மாடு எங்கே? பட்டி எருமைகளை வயலில் சுற்றிச் சுற்றி விட்டு மிதிப்பித்தே விதைத்த காலம் வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையில் இருந்தது. போர்க்காலத்தில் பட்டி பட்டியாக அழிந்தன. மிஞ்சிய எருமை தயிர்ச்சட்டிக்காக நிற்கிறது. அதற்கும் மேய இடமில்லை என்றுதானே மயிலத்தமடு, மாதவணைப் பண்ணையாளர்கள் 2023இல் சித்தாண்டியில் வீதியோரம் போராட்டம் இருந்தார்கள். மேய்ச்சல் தரை போன ஊரில் கலப்பை பரணில்தான் கிடக்கும்.

மச்சானின் வீடியோவைப் பெரியப்பாவிடம் காட்டினேன். போனைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். "இதுக்குத் திமில் இல்லையே மனே, நுகம் எங்க வைக்கிற?" என்றார். நல்ல கேள்வி. நம் மாடு திமிலுக்கு முன்னால் நுகத்தை வாங்கித் தள்ளும். குதிரைக்குக் கழுத்தைச் சுற்றித் தோளில் உட்காரும் பட்டை வேண்டும். கழுத்தில் மட்டும் வாரைக் கட்டினால் பாரம் இழுக்கும்போது மூச்சுக்குழல் நெரியும். குளம்பும் நம் மாட்டுக்கு இரண்டாகப் பிளந்தது, சேற்றில் விரியும், எடுக்கும்போது ஒடுங்கும். குதிரையின் ஒற்றைக் குளம்பு நம் வயலில் புதைந்தால் லேசில் வராது. இந்தத் தீவில் குதிரை தானாக மேய்கிற இடம் நெடுந்தீவு. அங்கே பாறைக் கற்களும் புல்லும்தான், சேறு இல்லை. மெனனைட்காரரின் கலப்பையும் வேறு. மண்ணைக் கிளறாது, புரட்டிக் கவிழ்க்கும், பிடிக்க இரண்டு மேழி.

இதெல்லாம் நான் விளக்கி முடிக்கும்வரை பெரியப்பா வீடியோவைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுக்கொண்டிருந்தார். பிறகு போனை என் கையில் தந்தார்.

"ரெண்டு கையாலயும் அமத்துறான்."