கரையோர மனைக்கு அனுமதி மறுப்பா? முதலில் எல்லைக்கோட்டைத் தேடுங்கள்

(திரையில்: ஈர மணல். காய்ந்த கடற்பாசி, குச்சி, சிப்பி எல்லாம் ஒதுங்கி நீளும் ஒரு வரி.)

இந்த வரியைப் பாருங்கள். நேற்று ராத்திரி ஓதம், அதாவது கடல்நீரின் ஏற்றம், இதுவரை வந்துவிட்டுத் திரும்பியிருக்கிறது. பௌர்ணமி வந்தால் இன்னும் நாலு எட்டு மேலே புது வரி விழும். உங்கள் வீட்டு பிளானை அலுவலகம் திருப்பி அனுப்பியிருந்தால், காரணம் பெரும்பாலும் இப்படி நகர்கிற ஒரு கோடுதான்.

ஊருக்குள் மனை வாங்கினால் எல்லைக்கல் நட்ட இடத்தில் நிற்கும். கரையோரத்தில் ஒரு பக்கத்து எல்லை தண்ணீரோடு ஏறி இறங்கும். அதனால் சட்டம் ஒரு கோட்டைப் பிடித்துக்கொண்டு அங்கிருந்து அளக்கச் சொல்கிறது. எந்தக் கோடு என்பது நாட்டுக்கு நாடு மாறும். இந்தியாவில், அமாவாசை பௌர்ணமியை ஒட்டிய பெரிய ஓதம் தரையில் எட்டும் உச்ச எல்லை. அமெரிக்காவின் பல மாநிலங்களில், 19 ஆண்டு உயர் ஓதங்களின் சராசரி. ஏன் 19? நிலவுப் பாதையின் சாய்வு ஒரு சுற்று ஆடி முடிக்க 18.6 ஆண்டு ஆகிறது. வீடு கட்ட நிலவிடமும் கேட்க வேண்டியிருக்கிறது!

அந்தக் கோட்டிலிருந்து எவ்வளவு தூரத்துக்கு வீடு கட்டக் கட்டுப்பாடு என்பதும் அப்படித்தான், நாட்டுக்கு நாடு மாறும். சுவீடனில் கடலோ ஏரியோ ஆறோ, கரையிலிருந்து பொதுவாக 100 மீட்டர் பாதுகாப்புப் பகுதி. ஸ்பெயினின் 1988 கடற்கரைச் சட்டமும் 100 மீட்டர்தான். அப்போதே நகரமாக இருந்த இடங்களுக்கு 20.

(திரையில்: வரைபடத்தின் மேல் ஒரு பேனா.)

சரி, மறுப்புக் கடிதம் கையில் இருக்கிறது. எந்த விதியின் எந்தப் பிரிவு, எந்தக் கோட்டிலிருந்து எத்தனை மீட்டர், எந்த வரைபடத்தை வைத்து முடிவெடுத்தார்கள், இதை எழுத்தில் வாங்குங்கள். வரைபடம் ஏன் முக்கியம்? 25,000-க்கு 1 என்ற அளவில் வரைந்த படத்தில் அரை மில்லிமீட்டர் தடிப்புள்ள கோடு, தரையில் பன்னிரண்டரை மீட்டர்! உங்கள் வரவேற்பறை முழுவதும் அந்த மையின் அடியிலேயே போய்விடும். அதனால் உரிமம் பெற்ற சர்வேயரை அழைத்து, மனையிலேயே கோட்டைக் குறிக்கச் சொல்லி, அந்த அளவையோடு மறுபடி போங்கள். ஒரு எச்சரிக்கை: கரை அரித்திருந்தால் புதிய அளவை உங்களுக்கு எதிராகவும் வரலாம். அப்படியானாலும் அஸ்திவாரம் தோண்டும் முன்பே தெரிவது நல்லதுதான்.

அப்புறம் பிளானில் ஒரு ஸ்கேலை வைத்துப் பாருங்கள். சுவர் அனுமதித்த எல்லைக்குள்ளேதான் நிற்கும். வெளிப்படிக்கட்டோ மரத்தளமோ கூரை விளிம்போ 40 சென்டிமீட்டர் எட்டிப் பார்க்கும். பல இடங்களில் அதுவும் கட்டடக் கணக்கில் சேரும். செப்டிக் டேங்குக்குத் தண்ணீரிலிருந்து தனி தூரம் உண்டு. அதை மறந்துபோய் மாட்டிக்கொள்பவர்கள் நிறைய. வீட்டைக் கொஞ்சம் பின்னால் தள்ளி, படிக்கட்டைப் பக்கவாட்டுக்கு மாற்றினாலே சில சிக்கல்கள் தீர்ந்துவிடும்.

தீரவில்லையா? சில நாடுகளில் விதிவிலக்கு கேட்கலாம். அங்கே முக்கியமாகப் பார்ப்பது இதைத்தான்: கஷ்டம் மனையால் வந்ததா, உங்களால் வந்ததா? மனை ஒடுங்கலாக, பின்னால் பாறையாக இருந்தால் வாதம் எடுபடும். நாலு படுக்கையறை வேண்டும் என்பது ஆசைதான், கஷ்டம் ஆகாது.

(திரையில்: இரண்டு முத்திரைகள். ஒன்று விழுந்திருக்கிறது, இன்னொன்றின் இடம் காலி.)

ஒரு அலுவலகம் முத்திரை குத்தியதும் மண்வெட்டியைத் தூக்குவதுதான் பெரிய ஆபத்து. கொச்சியை அடுத்த மரடுவில் 4 அடுக்குமாடி வளாகங்களுக்கு உள்ளாட்சி அனுமதி இருந்தது; கடலோர ஒழுங்குமுறை விதிப்படி வேண்டிய ஒப்புதல் இல்லை. 2019 மே மாதம் உச்ச நீதிமன்றம் இடிக்கச் சொன்னது. 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் வெடி வைத்துத் தகர்த்தார்கள். உள்ளே குடியிருந்தவர்கள் காசு கொடுத்து வாங்கியவர்கள்தான். ஆகவே உள்ளாட்சி, கடலோர ஆணையம், நீர்வளத் துறை என யார் யாருடைய ஒப்புதல் வேண்டும் என்று முதல் நாளே பட்டியல் கேளுங்கள். வேலையை நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்தால், அன்றைக்கே நிறுத்துங்கள். ‘இந்த ஒரு தளத்தை மட்டும் ஊற்றிவிடலாம்’ என்ற யோசனை பின்னால் நீதிமன்றத்தில் உங்களுக்கு எதிராகப் பேசும்.

பழைய வீட்டைப் புதுப்பிப்பவர்களுக்கு ஒன்று. விதி வருமுன் கட்டியதைப் பொதுவாக விட்டுவைப்பார்கள், ஓர் அளவுவரைதான். அமெரிக்காவின் வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்த ஊர்களில், வெள்ளப் பகுதி வீட்டின் பழுதுச் செலவு அதன் சந்தை மதிப்பில் 50 சதவீதத்தை எட்டினால் முழு வீடும் இன்றைய விதிக்கு வர வேண்டும். மனையின் மதிப்பு அதில் சேராது. வீட்டையே தூணில் ஏற்றும் நிலை வரலாம்.

தடுப்புச்சுவர் கட்டிக் கடலைத் தள்ளிவிடலாமே என்பீர்கள். சுவரில் மோதித் திரும்பும் அலை அதன் அடியிலுள்ள மணலையே வாரிக்கொண்டு போகும். சுவர் முடியும் இடத்தில் பக்கத்து மனை அரிக்கும். சுவருக்கும் பல இடங்களில் தனி அனுமதி வேண்டும், அது எளிதில் கிடைக்காது.

இன்னும் வாங்கவில்லை என்றால் உங்கள் கை ஓங்கியிருக்கிறது. கட்டட அனுமதி கிடைக்காவிட்டால் முன்பணம் திரும்ப வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் தென் கரோலினாவில் டேவிட் லூகாஸ் என்பவர் 1986-ல் கடலோரத்தில் 2 மனைகள் வாங்கினார். 1988-ல் புதுச் சட்டம் வந்தது, வீடு கட்ட முடியாது என்றார்கள். உச்ச நீதிமன்றம் வரை போய் 1992-ல் அவர் பக்கம் தீர்ப்பு வந்தது. மாநில அரசு அந்த மனைகளை விலை கொடுத்து வாங்க வேண்டியதாயிற்று. வாங்கிய பிறகு என்ன செய்தது தெரியுமா? வீடு கட்டுவதற்கே விற்றுவிட்டது.