ஒரே மெட்டில் இரண்டு மனிதர்கள்

(சேலத்தில் நடந்த இலக்கியக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம். மழையையும் பொருட்படுத்தாமல் வந்திருக்கிறீர்கள். நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

விக்டர் ஹியூகோவின் 'லே மிசரபிள்' 1862-இல் வெளிவந்த நாவல். நமக்கு அது யோகி சுத்தானந்த பாரதியார் கைவழியாக 'ஏழை படும் பாடு' என்று வந்தது. 1950-இல் கோவை பட்சிராஜா ஸ்டூடியோ அதைப் படமாகவும் எடுத்தது. அதில் இன்ஸ்பெக்டர் ஜாவராக நடித்த சீதாராமனுக்கு, கடைசிவரை 'ஜாவர்' என்பது பெயரோடு ஒட்டிக்கொண்டது. ஆக, இது நம் வீட்டுக்குள் எப்போதோ வந்துவிட்ட கதை.

அந்த நாவலை 1980-இல் பாரிஸில் இசை நாடகமாக மேடையேற்றினார்கள். இசை க்ளோத் மிஷேல் ஷோன்பெர்க், பாடல்கள் அலென் பூப்ளில். 1985 அக்டோபரில் லண்டன் பார்பிகன் அரங்குக்கு ஆங்கிலத்தில் வந்தது. விமர்சகர்கள் பலர் காய்ச்சி எடுத்தார்கள். மக்களோ டிக்கெட்டுக்கு வரிசையில் நின்றார்கள்.

ஆயிரம் பக்கத்துக்கு மேற்பட்ட நாவல், சுமார் மூன்று மணி நேர நாடகம். வாட்டர்லூ போரைப் பற்றி ஹியூகோ எழுதிய நீண்ட பகுதியெல்லாம் போயே போய்விட்டது. சரி, போகட்டும். தெனார்தியே தம்பதியைச் சிரிப்புக்காட்ட வைத்ததைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. ஒரு குழந்தையை வேலைக்காரியாக்கி வதைத்தவர்கள் அவர்கள். நாவலில் அவர்களைப் பார்த்தால் வயிறு எரியும்.

ஆனால் ஓர் இடத்தில் நாடகம் நாவலுக்குச் சமமாக நிற்கிறது. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

ரொட்டி திருடியதில் தொடங்கி, தப்பிக்கப் பார்த்ததற்கும் சேர்த்து 19 வருடம் சிறையில் கிடந்தவன் ழான் வல்ழான். இடம் கொடுத்த பிஷப்பின் வீட்டிலேயே வெள்ளிச் சாமான்களைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறான். போலீஸ் பிடித்து வந்து நிறுத்துகிறது. பிஷப் கோபப்படவில்லை. "இதையும்தானே கொடுத்தேன், ஏன் விட்டுவிட்டுப் போனாய்" என்று கேட்டு, இரண்டு வெள்ளி மெழுகுவர்த்தித் தண்டுகளையும் எடுத்துக் கொடுக்கிறார். அடித்திருந்தால் தாங்கியிருப்பான். இந்தக் கருணையைத் தாங்க முடியாமல் தனியாக நின்று பாடுகிறான், பழைய மனிதனை உதறிவிட்டு எழுகிறான்.

நாடகம் முடியப்போகும் நேரத்தில், அவனை ஆயுள் முழுக்கத் துரத்திய ஜாவர் அவன் கையிலேயே சிக்குகிறான். வல்ழான் கொல்லாமல் விட்டுவிடுகிறான். சட்டம் ஒன்றையே தெய்வமாகக் கும்பிட்டவனுக்கு இந்தக் கருணை செரிக்கவில்லை. சேன் நதிக்கரையில் நின்று பாடிவிட்டுக் குதித்துவிடுகிறான். அவன் பாடுவது வல்ழான் பாடிய அதே மெட்டு! ஒரே கருணை ஒருவனைப் பிழைக்க வைத்தது, இன்னொருவனைச் சாகடித்தது. ஜாவரின் மனம் தடம் புரள்வதை ஹியூகோ ஓர் அத்தியாயம் முழுக்க எழுதுகிறார். இங்கே ஒரு விளக்கமும் இல்லை, மெட்டு ஒன்றே சொல்லிவிடுகிறது.

இதை நான் கண்டுகொண்டது ஏற்காடு பஸ்ஸில். இருபது கொண்டை ஊசி வளைவில் பாதி ஏறியிருப்போம். கைபேசியில் நாடகப் பாட்டுகளைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஜாவரின் பாட்டைக் கேட்டதும் 'எங்கேயோ கேட்ட மெட்டு' என்று உறைத்தது. வல்ழானின் பாட்டுக்குத் திரும்பிப் போய்க் கேட்டேன். உடம்பு சிலிர்த்துவிட்டது. அப்புறம் மலை ஏறியதே தெரியவில்லை.

நம் பழைய நாடகப் பாட்டுப் புத்தகங்களில் பாட்டுக்கு மேலே 'வர்ணமெட்டு' என்று போட்டு, இன்ன பாட்டின் மெட்டு என்று அச்சடித்திருப்பார்கள். தெரிந்த மெட்டில் புதுச் சொல் ஏறும்போது பழைய பாட்டின் நினைவும் கூடவே வரும். நம் ஊர்க் கூத்திலும் வேஷக்காரர் உடனே முகம் காட்டிவிடுவதில்லை. இரண்டு பேர் திரை பிடிக்க, அதன் பின்னாலிருந்து விருத்தம் பாடி, தான் யாரென்று சொல்லிவிட்டுத்தான் வெளியே வருவார். ஆர்மோனியமும் முகவீணையும் மிருதங்கமும் இருக்க, விடிய விடியக் கதையைப் பாடியே நடத்துகிற ஊர் இது. நாவலை வேறு வடிவத்துக்குக் கொண்டுபோவதும் நமக்குப் புதிதில்லை. ஏற்காடு அடிவாரத்தில் நுழைவு வளைவு மட்டும் மிஞ்சி நிற்கிற மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டூடியோகூட வடுவூர் துரைசாமி ஐயங்காரின் நாவலை 1950-இல் 'திகம்பர சாமியார்' என்று படமாக எடுத்தது.

பிறகு ஏன் 'ஏழை படும் பாடு' நம் கூத்து மேடைக்கு வரக்கூடாது? இந்த ஆசையோடு, எனக்குப் பழக்கமான கூத்துக் கலைஞர் ஒருவரிடம் போய்க் கதையை முழுக்கச் சொன்னேன். இரண்டு பாட்டையும் கைபேசியில் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார். பிறகு கேட்டார்: "திரைக்குப் பின்னால நிக்கும்போது அவன் திருடனா, நல்லவனாங்க?"

"திருடன்தான்" என்றேன்.

"அப்ப அவனுக்கு வரும்போது திரை பிடிப்போம். அந்தப் போலீஸ்காரனுக்குப் போகும்போது பிடிக்கணும். அதே விருத்தத்தைப் பாடிக்கிட்டே திரைக்குள்ள போயிரட்டும்" என்றார்.